படம் சுருக்கும் சர்வர்: யார் ஏவினால் வேலை செய்கிறது?

போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம், 4000-க்கு 3000. ஃபைலாகப் பார்த்தால் 4 எம்பி இருக்கும். அதை 300 பிக்சல் அகலத்துக்குச் சுருக்க முழுவதுமாக விரித்தால், பிக்சலுக்கு 3 பைட் வீதம் மெமரியில் 36 எம்பி. ஒரே நிறம் பூசிய 10,000-க்கு 10,000 பிஎன்ஜி சில நூறு கேபிக்குள் அடங்கும். விரித்தால் 300 எம்பி. கேட்ட அளவுக்குப் படத்தை அப்போதே சுருக்கித் தரும் சர்வர் தேடுகிறவர்கள் ஃபைல் அளவைப் பார்க்கிறார்கள். மெஷினைச் சாய்ப்பதோ பிக்சல் எண்ணிக்கை.

அந்த வேலையை யார் வேண்டுமானாலும் ஏவலாம் என்றால் இன்னும் மோசம். யூஆர்எல்லில் அகலம் 300 என்று இருப்பதை 301, 302 என்று மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் புது வேலை, கேஷில் (ஏற்கெனவே செய்ததைச் சேமித்துவைக்கும் இடம்) இருக்காது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும், 2 கோர் விபிஎஸ் (வாடகை சர்வர்) படுத்துவிடும். எனவே எது வேகம் என்று ஒப்பிடுவதற்கு முன், கையொப்பமில்லாத யூஆர்எல்லை, அதாவது உங்கள் ரகசியச் சாவியால் கணக்கிட்ட குறியீடு இல்லாததை, அந்த சர்வர் மறுக்குமா என்று பாருங்கள்.

பல தளங்களுக்கு இப்படியொரு சர்வரே தேவையில்லை. படங்கள் உங்கள் வழியாக மட்டும் ஏறுகின்றன, நான்கு அளவுகள் போதும் என்றால், ஏற்றும்போதே லிப்விப்ஸ் என்ற படக் கையாளும் லைப்ரரியின் விப்ஸ்தம்ப்நெயில் கட்டளையால் நான்கையும் செய்து வைத்துவிடலாம். டிசைன் அடிக்கடி மாறுகிறது, பழைய படங்கள் லட்சக்கணக்கில் கிடக்கின்றன, அவற்றில் கொஞ்சத்தைத்தான் யாராவது பார்க்கிறார்கள் என்றால்தான் கேட்கும்போது சுருக்கும் சர்வர் கட்டுப்படியாகும்.

ஏற்கெனவே என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ஓடுகிறதே, அதன் இமேஜ் ஃபில்டர் மாட்யூல் போதாதா? ஒரே மாதிரியான சின்னப் படங்களுக்குச் சரி. போன் படம் வந்ததும் மாட்டிக்கொள்ளும். படத்தை வாங்கிவைக்கும் பஃபர் இயல்பில் 1 எம்பி. அதைத் தாண்டிய ஃபைலுக்கு 415 பிழைதான் பதில். பஃபரைக் கூட்டினால், போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். கேமரா பிக்சல்களைப் படுக்கையாகவே எழுதிவிட்டு, திருப்பிக் காட்டச் சொல்லும் குறிப்பை எக்சிஃபில் (படத்தோடு வரும் தகவல் பகுதி) வைக்கிறது. இந்த மாட்யூல் நம்பியிருக்கும் லிப்ஜிடி அந்தக் குறிப்பைக் கவனிக்காமலே உதிர்த்துவிடுகிறது. ஜேபெக் வந்தால் ஜேபெக்தான் போகும், வெப்பி என்ற புது வடிவத்துக்கு மாற்றித் தராது.

படம் சுருக்குவதற்கென்றே உள்ள சர்வர்களில் தம்போர் பைத்தானில் எழுதப்பட்டது, பிரேசிலின் குளோபோ செய்தித் தளத்திலிருந்து வந்தது. முகம் வெட்டுப்படாமல் கிராப் செய்வதில் கெட்டிக்காரன். செய்தித் தளத்துக்கு அது பெரிய வரம். ஆனால் 'அன்சேஃப்' என்று தொடங்கும் கையொப்பமில்லாத யூஆர்எல்லை இயல்பிலேயே அனுமதிக்கும். அதை மூடுவதும், சுருக்கிய படத்தைச் சேமிக்க இடம் காட்டுவதும் உங்கள் வேலை. முகக் கிராப் தேவையில்லாதவர் இதைச் சுமக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஐஎம்ஜிப்ராக்ஸிதான் என் சிபாரிசு. கோ மொழியில் எழுதப்பட்டது, உள்ளே லிப்விப்ஸ். ஜேபெக்கைத் திறக்கும்போதே இரண்டில், நான்கில், எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித் திறப்பதால் மேலே சொன்ன 36 எம்பி பெரும்பாலும் தேவைப்படாது. ப்ரோக்ரெசிவ் ஜேபெக்கும் இன்டர்லேஸ் பிஎன்ஜியும் (மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளியும் வகைகள்) மெமரியை அதிகம் கேட்கும். அதனால் மூலப் படத்தின் மெகாபிக்சல் உச்சவரம்பை நீங்களே எழுதிவையுங்கள். பொதுவான தளத்துக்கு 25 தாராளம். 25 மெகாபிக்சல் ஆல்ஃபாவோடு (ஒளிபுகும் அளவு, பிக்சலுக்கு நான்காவது பைட்) விரிந்தால் 100 எம்பி. ஒரே நேரத்தில் நான்கு வேலை ஓடினால் 400. 1 ஜிபி மெஷினில் டேட்டாபேஸும் சேர்ந்து குடியிருந்தால் மெமரி தீர்ந்ததும் கர்னல் முதலில் எந்த புரோகிராமைக் கொல்லும் என்று சொல்ல முடியாது. கன்டெய்னருக்கு (சர்வரை அடைத்து ஓட்டும் டாக்கர் பெட்டி) மெமரி வரம்பு வைக்கும்போது இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

இதிலும் கையொப்பத்துக்கான ரகசியங்களான கீயும் சால்ட்டும் கொடுக்காவிட்டால் கையொப்பச் சோதனை நடக்காது. லாகில் எச்சரிக்கை மட்டும் வரும், படங்களோ அழகாகத் தெரியும். சோதனைக்காகத் திறந்துவைத்தது அப்படியே லைவுக்குப் போவது இதனால்தான். கீ பின்னணிச் சர்வரில் மட்டும் இருக்கட்டும், பிரவுசர் ஜாவாஸ்கிரிப்டில் வைத்தால் கதவில் பூட்டைப் போட்டு சாவியை அதிலேயே தொங்கவிட்ட மாதிரி. கேட்ட அகலத்துக்கெல்லாம் கையொப்பமிட்டுத் தரும் ஏபிஐ எழுதுவதும் அதே கதை. அனுமதித்த அளவுகளின் பட்டியல் ஒன்று வேண்டும்.

இன்னொரு பக்கம், இந்த சர்வர் வெளி யூஆர்எல்லிலிருந்து படத்தை எடுத்துவரும். எங்கிருந்து எடுக்கலாம் என்ற பட்டியலில் உங்கள் டொமைனை எழுதும்போது கடைசியில் சாய்கோடு போட மறக்காதீர்கள். பட்டியல் முன்னொட்டாகத்தான் ஒப்பிடப்படுகிறது. சாய்கோடு இல்லையென்றால் உங்கள் டொமைன் பெயரோடு வேறு எதையாவது ஒட்டிப் பதிவுசெய்த டொமைனும் உள்ளே வந்துவிடும். உள் நெட்வொர்க்கின் பிரைவேட் ஐபிகளையும் ஐஎம்ஜிப்ராக்ஸி இயல்பில் தடுப்பதில்லை.

ஐஎம்ஜிப்ராக்ஸி இயல்பில் எதையும் கேஷ் செய்யாது. குறையில்லை, அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறார்கள். முன்னால் என்ஜின்எக்ஸையோ சிடிஎன்னையோ (ஃபைல்களைப் பல ஊர்களில் வைத்துப் பரிமாறும் சேவை) நிறுத்த வேண்டும், பாதிப் பிரச்சினைகள் அங்கேதான். என்ஜின்எக்ஸ் கேஷில் 'இன்ஆக்டிவ்' மதிப்பு இயல்பாக 10 நிமிடம். அதற்குள் யாரும் கேட்காத படம், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் அழிக்கப்படும். 30 நாள் என்று மாற்றுங்கள். கேஷ் லாக்கையும் ஆன் செய்யுங்கள்; இல்லாவிட்டால் புதுப் பக்கம் வெளியான நொடியில் ஒரே படத்தை ஐம்பது பேருக்கு ஐம்பது முறை சுருக்கும்.

நேரடியாகக் கேட்டால் படம் வருகிறது, என்ஜின்எக்ஸ் வழியாகக் கேட்டால் 403 (அனுமதி இல்லை) என்றால் கீயைச் சந்தேகிக்க வேண்டாம். என்ஜின்எக்ஸ் அமைப்பில் கோரிக்கையைப் பின்னால் அனுப்பும் 'ப்ராக்ஸி பாஸ்' வரியின் கடைசியில் சாய்கோடு இருந்தால் என்ஜின்எக்ஸ் யூஆர்எல்லை ஒழுங்குபடுத்தி அனுப்பும்: இரட்டைச் சாய்கோடு ஒற்றையாகும், சதவீதக் குறிகள் அவிழும். ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. சாய்கோட்டை எடுத்துவிடுங்கள், முன்னொட்டுப் பாதை வேண்டுமானால் அதை ஐஎம்ஜிப்ராக்ஸியின் அமைப்பில் சொல்லுங்கள். மூல யூஆர்எல்லை பேஸ்64-ஆக (வெறும் எழுத்தும் எண்ணுமாக மாற்றி) அனுப்பினால் இந்தத் தொல்லை அநேகமாக எழாது.

பிரவுசரைப் பார்த்து வெப்பி கொடுப்பதாக இருந்தால் கேஷ் கீயில் (கேஷில் ஒரு படத்தை அடையாளம் காணும் பெயர், கையொப்பக் கீ அல்ல) அதுவும் சேர வேண்டும். சேராவிட்டால் வெப்பி தெரியாத பழைய ஐபோனுக்கு வெப்பியே போகும், சஃபாரிக்கு அது 2020-ல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் தெரியும். எந்தப் பட வடிவம் தெரியும் என்று பிரவுசர் சொல்லும் அக்செப்ட் ஹெடரை அப்படியே கீயில் சேர்ப்பதும் தப்பு. அதில் பிரவுசருக்குப் பிரவுசர் வாசகம் மாறும், ஒரே படம் பல பிரதிகளாகக் கிடக்கும். என்ஜின்எக்ஸின் மேப் கட்டளை வைத்து 'வெப்பி உண்டு, இல்லை' என்று இரண்டாகச் சுருக்குங்கள். இன்னொரு புது வடிவமான ஏவிஃப்பில் ஃபைல் சின்னதாக வரும், என்கோட் செய்ய சிபியு நேரம் அதிகம்; கேட்கும்போது சுருக்கும் சர்வரில் முதல் பார்வையாளர்தான் காத்திருப்பார். வெப்பியோடு தொடங்குவது நல்லது.

எக்சிஃபில் திசை மட்டுமல்ல, ஜிபிஎஸ் இடமும் இருக்கும். வீடு வாடகை, பழைய பொருள் விற்பனைத் தளங்களில் இது விளையாட்டல்ல. சுருக்கிய படத்திலிருந்து ஐஎம்ஜிப்ராக்ஸி அதை நீக்கிவிடும். ஆனால் மூலப் படம் இருக்கும் பக்கெட் (கிளவுட் சேமிப்பிடம்) பொதுவில் திறந்திருந்தால் நீக்கியதற்குப் பலனில்லை.

இவற்றைப் போட்டுவிட்டு மறந்துவிடவும் முடியாது. 2016-ல் இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியில் இமேஜ்ட்ராஜிக், 2023 செப்டம்பரில் வெப்பியைத் திறக்கும் லிப்வெப்பியில் சிவிஇ-2023-4863: இரண்டுமே படம் திறக்கும் இடத்தில் இருந்த ஓட்டைகள். நீங்கள் ஓட்டும் சர்வரின் டாக்கர் இமேஜ் (நிறுவல் தொகுப்பு) கடைசியாக எப்போது வெளியானது என்று பாருங்கள்.

தேர்வை முடிக்கும் முன் ஒரு ஃபோல்டரில் வம்பு பிடித்த படங்களைச் சேருங்கள்: திருப்பி எடுத்த போன் படம், ஐபோனின் டிஸ்ப்ளே பி3 நிறத்தில் ஒன்று (நிறம் வெளுத்தால், நிறங்களை மாற்றாமலே நிற ப்ரொஃபைலைத் தூக்கிவிட்டது என்று அர்த்தம்), பிரஸ்ஸிலிருந்து வந்த சிஎம்ஒய்கே (அச்சு நிற முறை) ஜேபெக், ஒளிபுகும் பிஎன்ஜி, அசையும் ஜிஃப், மேலே சொன்ன 10,000 பிக்சல் பிஎன்ஜி. ஒவ்வொன்றையும் கர்ல் கட்டளை வழியாக இரண்டு முறை கேளுங்கள், ஒரு முறை வெப்பி உண்டென்று சொல்லி, ஒரு முறை சொல்லாமல். பக்கத்து ஜன்னலில் மெமரியைக் காட்டும் டாக்கர் ஸ்டாட்ஸ் ஓடட்டும். கடைசிப் பிஎன்ஜிக்குப் பிழைச் செய்தி வர வேண்டும். படம் வந்தால் உச்சவரம்பு வேலை செய்யவில்லை.