இரும்புக் கிரில்லும் காந்தச் சென்சாரும்

செந்தூல் வரிசை வீடானாலும் பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியானாலும் வாசலில் இரண்டு கதவுகள் இருக்கும்: உள்ளே மரக் கதவு, வெளியே இரும்புக் கிரில். கம்பியில்லாக் கதவுச் சென்சாரை மரக் கதவில் ஒட்டினால் ஒட்டிய நிமிடமே ஒழுங்காக வேலை செய்யும். கிரில்லில் ஒட்டினால் தகராறுதான். கிரில் சாத்தியிருக்கும், கைப்பேசியோ ‘திறந்துள்ளது’ என்று சாதிக்கும். கோளாறு பெரும்பாலும் சென்சாரில் இல்லை, அது ஒட்டியிருக்கும் இரும்பில் இருக்கிறது.

சென்சார் இரண்டு துண்டுகளாக வரும். சிறியதில் வெறும் காந்தம்தான். பெரியதில் பேட்டரி, ரேடியோ சில்லு, கூடவே பெரும்பாலும் ஒரு ரீட் சுவிட்ச். 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய பழைய சாமான் அது. விரல்நுனி நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் நிக்கல்-இரும்புக் கலவையில் செய்த இரண்டு மெல்லிய தகடுகள், நுனியோடு நுனி தொடாமல் நிற்கும். காந்தம் அருகே வந்தால் இரண்டும் காந்தமாகி ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், மின்சுற்று மூடும். காந்தம் விலகினால் தகடுகள் தாமே பிரிந்துவிடும். ஆக, சென்சாருக்குக் கதவும் தெரியாது, பூட்டும் தெரியாது. காந்தம் பக்கத்தில் இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். பூட்டாமல் சும்மா சாத்திய கதவையும் அது ‘மூடியது’ என்றே சொல்லும்.

ஒட்டுவதற்கு முன் மேசைமேல் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பெரிய துண்டை ஒரு தாளில் வைத்து, காந்தத்தை மெல்ல அதன் பக்கம் தள்ளுங்கள். சென்சாரின் விளக்கு மினுக்கிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு பின்னால் இழுத்து, மறுபடி மினுக்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக அமையாது. ஒட்டிய தகடுகளுக்கு நடுவே இடைவெளி இல்லாததால் அவற்றைப் பிடித்துவைக்கக் குறைந்த காந்தவிசையே போதும். அதனால் இரண்டாவது கோடு தள்ளியே விழும். கதவில் ஒட்டும்போது இடைவெளி முதல் கோடுவரையுள்ள தூரத்தில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், காற்றில் கதவு ஆடினாலும் பொய்ச் செய்தி வராது.

இப்போது கிரில்லுக்கு வருவோம். காந்தத்தை நேராக இரும்பில் ஒட்டினால் காந்தப்புலம் காற்றில் பரவாமல் இரும்புக்குள்ளேயே சுலப வழி பார்த்து ஓடிவிடும். சென்சாருக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதிதான். மேசைமேல் 20 மில்லிமீட்டரில் பிடித்த சென்சார், இரும்பில் அதில் பாதித் தூரத்தில்கூடப் பிடிக்காமல் போகலாம். வைத்தியம் எளிது: இரண்டு துண்டுகளுக்கும் அடியில் 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள அக்ரிலிக் அல்லது மரத்துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள். அதிலும் சரிவரவில்லையென்றால் வலுவான காந்தமாக மாற்றலாம், ஆனால் அளவோடு. வலு மிஞ்சினால் கதவு ஒரு சாண் திறந்த பிறகும் ‘மூடியது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். சட்டம் இரும்பா அலுமினியமா என்று சந்தேகம் வந்தால் குளிர்பெட்டிக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம், தடுப்புத்துண்டு தேவையில்லை.

அலுமினிய இழுவை ஜன்னலில் தொல்லை வேறு மாதிரி. மேல் சட்டத்தில் படுக்கவைத்து ஒட்டினால், ஜன்னலை இழுக்கும்போது காந்தம் ரீட் சுவிட்சின் நீளவாக்கில் நகரும். அந்தத் திசையில் சுவிட்ச் நடுவில் ஒரு தடவையும் இரு நுனிகளுக்கு அருகே ஒவ்வொரு தடவையும் மூடக்கூடும். பாதி திறந்த ஜன்னல் ஒரு கணம் மூடியதாகத் தெரிவது இதனால்தான். பக்கச் சட்டத்தில் செங்குத்தாக ஒட்டுங்கள்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நல்ல இரட்டைப் பக்க டேப் முழுப் பிடி பிடிக்க 3 நாள்வரை ஆகும். ஒட்டி அரை மணியில் பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புச் சுவரில் டேப்பை நம்பவே வேண்டாம், திருகாணிதான்.

பேட்டரிக் கணக்கு பலருக்கு வியப்பாக இருக்கும். சிஆர்2032 பேட்டரியில் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. தூங்கும் சென்சார் 3 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் காகிதக் கணக்கில் 8 வருடம் வரும். ரேடியோ விழிக்கும் நேரங்களையும் பேட்டரி தானே வடிவதையும் கழித்தால் 2 வருடம் ஓடினாலே நல்லது. சொந்தமாகச் சென்சார் செய்து பார்ப்பவர்கள் சறுக்குவது வேறோர் இடத்தில். கதவு பெரும்பாலும் மூடியே இருப்பதால் ரீட் சுவிட்ச் வழியாக எந்நேரமும் மின்னோட்டம் கசியும். அங்கே 10 கிலோ ஓம் தடை போட்டால் 3 வோல்ட்டில் 300 மைக்ரோ ஆம்பியர் போகும், பேட்டரி ஒரே மாதத்தில் காலி. 1 மெகா ஓம் போட்டால் 3 மைக்ரோ ஆம்பியர்தான். கோலாலம்பூர் ஜாலான் பாசார் உதிரிபாகக் கடைகளில் இரண்டும் சில்லறைக் காசுதான்.

ரேடியோவில் வைஃபையைவிட ஜிக்பீ (வீட்டுச் சாதனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் குறைமின் ரேடியோ முறை) பேட்டரிக்குச் சிக்கனம். ஆனால் அதுவும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் சேர்ந்து நெரிசல். ஜிக்பீயை 25-ஆம் அலைவரிசைக்கு மாற்றினால் 2475 மெகாஹெர்ட்ஸில் உட்காரும். அது வைஃபை 11-ஆம் அலைவரிசையின் விளிம்புக்கு அப்பால். சென்சாரின் செய்தியை வாங்கும் ஜிக்பீ குச்சியைக் கணினியின் யூஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். அந்தத் துளையே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். 1 மீட்டர் நீட்டிப்புக் கம்பி போதும். தூர அறைக்கு, எந்நேரமும் மின்சாரத்தில் இருக்கும் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்றை நடுவில் வைத்தால் அது செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும். சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) வராத வீடுகள் இங்கே ஏராளம். நியூட்ரல் இல்லாமல் ஓடும் ஜிக்பீ சுவிட்சுகள் பெரும்பாலும் இந்தக் கைமாற்று வேலையைச் செய்யாது.

கடைசியாக, கவனிக்காமல் விட்டால் ஏமாற்றிவிடும் ஒரு விஷயம். பேட்டரி தீர்ந்த சென்சார் ‘நான் செத்துவிட்டேன்’ என்று சொல்லாது. கடைசியாக அனுப்பிய ‘மூடியது’ திரையில் அப்படியே நிற்கும். பேட்டரி சதவீதத்தையும் நம்ப முடியாது, ஏனெனில் லித்தியம் பேட்டரியின் வோல்ட் கடைசிவரை அதிகம் இறங்காமல் இருந்து சட்டென்று சரியும். பல ஜிக்பீ சென்சார்கள் கதவு அசையாவிட்டாலும் சுமார் ஒரு மணிக்கொரு தடவை தலைகாட்டும். எனவே 4 மணி நேரம் சத்தமே இல்லையென்றால் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும்படி ஒரு விதி எழுதுங்கள். இடிமழையில் மின்சாரம் போனால் ஹப்பும் (சென்சார்களின் செய்திகளை வாங்கும் மையப் பெட்டி) ரவுட்டரும் படுத்துவிடும் என்பதால், இரண்டையும் சிறிய யூபிஎஸ் ஒன்றில் மாட்டுங்கள்.

ஜன்னல் திறந்திருந்தால் ஏர்கோனை நிறுத்தும் விதிக்கு 2 நிமிடத் தாமதம் கொடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒரு கணம் எட்டிப் பார்த்தாலே ஏர்கோன் நின்று நின்று ஓடும், கம்பிரசருக்கு அது ஆகாது.