கட்டுப்பூச்சி

நீலகிரிக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளுக்காக அச்சிட்ட ஒரு கையேட்டில் ‘செயற்கை ஈ வடிவமைப்புப் பயிற்சி’ என்றிருந்தது. அடுத்த பக்கத்தில் ‘பறக்கும் மீன்பிடிப்பு’. ஆங்கிலத்தில் இவை ஃப்ளை டையிங், ஃப்ளை ஃபிஷிங்: தூண்டில் முள்ளில் பூச்சிபோல ஒன்றைக் கட்டுவதும், அதை வீசி மீன் பிடிப்பதும். இரண்டாவதை மன்னித்துவிடலாம். அது கணினி செய்த வேலை. ஃப்ளை என்றால் பற என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். முதலாவது, ஒரு மனிதர் அகராதியைப் புரட்டி, யோசித்து, பிழைதிருத்தி அச்சுக்குக் கொடுத்தது. அதனால்தான் எரிச்சல். மீன்பிடிப்பு பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலரிடமும் இந்தச் ‘செயற்கை ஈ’ இப்போது நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது. கேட்டால், “ஃப்ளை என்றால் ஈதானே?” என்கிறார்கள்.

இல்லை. ஆங்கிலத்தின் ஃப்ளை, பறத்தலைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து வந்த பெயர். சிறகடிக்கும் சிறு பூச்சி எதற்கும் அது பொதுப்பெயராக இருந்தது. பட்டர்ஃப்ளையும் டிராகன்ஃப்ளையும் அந்தக் காலத்து மிச்சம். பட்டர்ஃப்ளையை வெண்ணெய் ஈ என்று யாரும் மொழிபெயர்ப்பதில்லை, வண்ணத்துப்பூச்சி என்கிறோம். தூண்டில்காரரின் ஃப்ளைக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

பொருளைச் சொல்லிவிடுகிறேன். தூண்டில் முள்ளின் தண்டில் நூல் சுற்றி, இறகு, மயிர், கம்பளி போன்றவற்றைக் கட்டி, மீன் தின்னும் சிற்றுயிர் போலத் தோன்றச் செய்வதுதான் ஃப்ளை. மிகப் பழைய கைவேலை இது. கி.பி. 200 வாக்கில் ரோமில் வாழ்ந்து கிரேக்கத்தில் எழுதிய ஏலியன், மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடைத் தொங்கலுக்கு அடியில் முளைக்கும் மெழுகு நிற இறகு இரண்டை அதில் கட்டி ஆற்றில் மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். நம் மலைக்கு இது வந்தது ட்ரவுட் மீனோடு. 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். 1907-ஐ ஒட்டி மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து வெற்றி கண்டார். ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகமும் எழுந்தது. மீன் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதன் இரைக்கு நமக்கு ஒரு ஒழுங்கான பெயர் இல்லை.

சரி, ஈ ஏன் கூடாது? ட்ரவுட் தின்னும் பூச்சிகளில் முக்கியமானது ஆங்கிலத்தில் மேஃப்ளை எனப்படுவது. அது ஈயே அல்ல. ஈ இரண்டு சிறகுள்ள பூச்சிகளின் வரிசையைச் சேர்ந்தது. மேஃப்ளைக்குப் பெரும்பாலும் நான்கு சிறகு. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறகில்லாமல் நீருக்கடியில் கல்லைப் பற்றிக்கொண்டு கழித்துவிட்டு, மேலே வந்து சிறகு விரித்தபின் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். அந்தச் சிறகில்லாப் பருவத்தைப் போலக் கட்டினால் அதற்கு நிம்ஃப் என்று பெயர். வெட்டுக்கிளி போலவும் எறும்பு போலவும் கட்டுகிறார்கள். நீண்ட இறகு வைத்துச் சிறு மீன் போலவே கட்டுவதும் உண்டு; அதற்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். இத்தனையும் ஆங்கிலத்தில் ஃப்ளைதான். தமிழில் இத்தனையையும் ஈ என்றால், எறும்பு ஈ, வெட்டுக்கிளி ஈ, மீன் ஈ என்று எழுத வேண்டிவரும். எழுதியும் இருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்ல வேண்டும். தமிழிலும் ஈ வெறும் வீட்டு ஈ இல்லையே, தேனீ இருக்கிறது, ஈசல் இருக்கிறது, ஆகவே ஈ பொதுப்பெயர்தான் என்கிறார்கள். கெட்டிக்கார வாதம். ஆனால் தேனீயில் ஈயை அடையாளம் காட்டுவது முன்னால் நிற்கும் தேன். அடைமொழி கழன்று தனியாக நின்றால், தமிழன் காதில் ஈ என்பது பலகாரத் தட்டில் மொய்க்கும் அதுவேதான். ‘செயற்கை ஈ’யில் முன்னால் நிற்கும் செயற்கை எந்த அடையாளத்தையும் தருவதில்லை, பிளாஸ்டிக்கில் செய்த வீட்டு ஈயைத்தான் கண்முன் நிறுத்துகிறது. உயிரியல் பேசுகிறவர்கள் கொசுவும் ஈ வரிசைதான் என்பார்கள். உண்மைதான், கொசு போன்ற மிகச் சிறிய ஃப்ளைகளும் உண்டு. இருந்தாலும் கொசுவைக் கொசு என்கிற மொழி நம்முடையது.

ஓரெழுத்துச் சொல் என்பதால் வேறொரு தொல்லையும் வருகிறது. ஈ என்றால் கொடு என்றும் பொருள். இரப்பதும் ஈவதும் நம் இலக்கியம் முழுக்க உண்டு. ‘ஈ கட்டுதல்’, ‘ஈ வீசுதல்’ என்று எழுதினால் வாக்கியத்தில் அந்த எழுத்து ஒட்டவும் மாட்டாமல் விலகவும் மாட்டாமல் தத்தளிக்கிறது. போதாதற்கு ஈ ஓட்டுதல் என்று ஒரு வழக்கும் இருக்கிறது. ‘ஈ பயிற்சி வகுப்பு’ என்று பலகை வைத்தால் வகுப்பில் ஆளில்லை என்றுதான் ஊட்டிக் கடைத்தெருவில் நினைப்பார்கள்.

‘செயற்கை’ மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. செயற்கை வைரம், செயற்கை நூல், செயற்கைச் சுவாசம் எல்லாவற்றிலும் அந்தச் சொல் இயற்கையானதன் வேலையை வேறொன்று செய்வதைச் சொல்கிறது. செயற்கை நூல் தைக்கும். செயற்கை ஈ பறக்குமா? இதன் வேலை ஏமாற்றுவது. ஏமாற்றுப் பொருளுக்குத் தமிழில் பொய் என்ற முன்னொட்டு இருக்கிறது: பொய்க்கால் குதிரை. அந்த வழியில் ‘பொய்யிரை’ என்று நல்ல சொல் கிடைக்கும். ஆனால் தகட்டில் செய்த பளபளக்கும் கரண்டி, மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த மீன் பொம்மை எல்லாமே பொய்யிரைதான். ஃப்ளையை அவற்றிலிருந்து பிரிப்பது எது? கட்டு.

ஒரு தமிழாசிரியர் நண்பர் ‘தூண்டிற்பொன்’ என்றார். ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்பது 931-ஆம் குறள். அழகுதான், எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அங்கே பொன் என்பது இரும்பு. இரையால் மறைந்திருக்கும் முள்ளையே வள்ளுவர் சொல்கிறார். நாம் பெயர் தேடுவதோ அந்த முள்ளை மறைக்கும் பொருளுக்கு. பழஞ்சொல் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பொருளைத் தள்ளிவிடக் கூடாது. தூய தமிழ் பேசுகிற பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

என் சொல் கட்டுப்பூச்சி. கட்டுமரம் எப்படியோ அப்படித்தான்: மரங்களைக் கட்டினால் கட்டுமரம், பூச்சியாகக் கட்டினால் கட்டுப்பூச்சி. கடல் மீனவரின் கட்டுமரத்தை ஆங்கிலேயர் கட்டமரான் என்று எடுத்துக்கொண்டார்கள். அதே அச்சில் வார்த்த சொல்லை அவர்கள் ஃப்ளைக்கு நாம் தருவதில் ஒரு கணக்குத் தீர்ந்தாற்போலவும் இருக்கிறது. கட்டுக்கதையில் உள்ள கட்டு, அதாவது இட்டுக்கட்டுதல், இதற்கும் பொருந்திவிடுகிறது. மீனுக்குச் சொல்லும் கட்டுக்கதைதானே அது.

பூச்சி என்ற பாதி பற்றிக் கேள்வி வரும். நிம்ஃபும் சிறு மீனும் பூச்சியா? தமிழில் பூச்சி என்ற சொல்லின் வீச்சு பெரிது. வயிற்றில் நெளிவதும் பூச்சி. சில ஊர்களில் மண்புழு நாக்குப்பூச்சி. இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆங்கிலத் தூண்டில்காரரின் ஃப்ளை போன பாதை இதுவேதான். ஸ்ட்ரீமருக்கு மட்டும் கட்டுமீன் என்று தனியாகச் சொன்னாலும் எனக்குச் சண்டையில்லை.

வேலை செய்கிறவரின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் கட்டு என்ற சொல் ஏன் விடாது என்பது புரியும். மேசையோரத்தில் திருகிய சிறிய இடுக்கியில் முள்ளின் வளைவைக் கவ்வவைக்கிறார். தண்டின் முன்பக்கத்திலிருந்து வளைவு வரைக்கும் நூலை நெருக்கமாகச் சுற்றிப்போகிறார். வழுக்கும் எஃகில் மற்றதெல்லாம் நிற்பதற்கு அது அடித்தளம். வால் பக்கம் சேவல் இறகின் தூவி, அதாவது நடுத்தண்டிலிருந்து கிளைக்கும் இழை, நாலைந்தைக் கட்டுகிறார். மயிற்பீலியிலிருந்து உருவிய ஓர் இழையைத் தண்டில் சுற்றினால் பச்சையும் செம்பும் மின்னும் தடித்த உடம்பு வந்துவிடுகிறது. பிறகு சேவலின் கழுத்திறகு. அதன் அடியைக் கட்டி, நுனியைப் பிடித்து இரண்டு மூன்று சுற்று சுற்றும்போது தூவிகள் ஒவ்வொன்றாக விறைத்து நாற்புறமும் நிற்கின்றன; அதுதான் கால், அதுதான் சிறகு. கடைசியில் நூலை அதன்மேலேயே மடித்துச் சுற்றி இறுக்கி, ஒரு சொட்டு வார்னிஷ். பூக்கடையில் மல்லிகை கட்டும் விரல்களின் வேகமும் சிக்கனமும் அந்த விரல்களில் இருக்கின்றன. அதைப் பூ வடிவமைத்தல் என்று யாரும் சொல்வதில்லை, பூக் கட்டுதல்தான். இதுவும் பூச்சி கட்டுதல்.

வடிவமைப்பு என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. சேவல் கழுத்திறகு விறைப்பானது, நீரை எளிதில் உறிஞ்சாது, ஆகவே பூச்சி நீர்ப்பரப்பில் தூவிகளை ஊன்றி மிதக்கும். பெட்டைக்கோழியின் இறகு மென்மையானது, நனைந்து அமிழ்ந்து ஓட்டத்தில் உயிருள்ளதுபோல அசையும். எது வேண்டும் என்று முடிவு செய்வது யோசனை. மீன் கீழிருந்து பார்க்கிறது, வானத்தை எதிர்த்து நிழலுருவமாகத்தான் அதற்குத் தெரியும்; எனவே நம் கண்ணுக்கு அழகாக இருக்கும் முதுகைவிட அடிவயிறு முக்கியம் என்பதும் யோசனை. இப்படி எண்ணி முடிவு செய்த அமைப்புக்குக் கட்டுமுறை என்ற சொல் போதும். எதற்கெடுத்தாலும் வடிவமைப்பு என்று எழுதுவது ஒரு நோய். கேக்கிலிருந்து பாடத்திட்டம் வரை பரவிவிட்டது.

நம் மலைக்கு இதில் ஒரு பெரிய பங்கு உண்டு, கையேட்டுக்காரர்கள் அதை எழுதுவதில்லை. ஆங்கிலேயர் சால்மன் மீனுக்குக் கட்டும் பூச்சிகளில் ஜங்கிள் காக் என்ற இறகுக்குத் தனி மதிப்பு. அது நம் சோலைக்காட்டோரம் காலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியின் சேவல்தான். அதன் கழுத்திறகில் மெழுகு சொட்டினாற்போல மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். பூச்சியின் பக்கவாட்டில் வைத்தால் கண் போலத் தெரியும். இதற்காகப் பறவைகள் கொல்லப்பட்டன. காட்டுப் பறவை இறகுகளின் ஏற்றுமதிக்கு 1902-இல் இந்தியாவில் தடை வந்தது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் கட்டுப்படுத்தியது. இன்று வெளிநாட்டில் வளர்ப்புப் பறவைகளிலிருந்து எடுக்கிறார்கள். இங்கே கட்டுகிறவர்களுக்கு நாட்டுச்சேவல் போதும்.

சொல்ல மறக்கக் கூடாத இன்னொன்று, மொழிபெயர்ப்பாளர்களின் கண் மோகம். ஆங்கிலத்தில் முள்ளின் துளைக்கு ஐ என்று பெயர் என்பதால் ‘கொக்கியின் கண்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் ஊசிக்குக் காது. பட்டினத்தார் பாடியதும் காதற்ற ஊசிதான். தூண்டில் முள்ளுக்கும் காதுதான் இருக்க வேண்டும். கழுத்திறகைக் குறிக்கும் ஹேக்கிளைச் சணல் சிக்கெடுக்கும் சீப்பு என்று பெயர்த்ததையும் பார்த்திருக்கிறேன். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டால் இப்படித்தான். எமரால்டு அணைக்கரையில் தங்கூசி நரம்பில், அதாவது நைலான் தூண்டில் கயிற்றில், தக்கை கட்டிக் கெண்டைக்குக் காத்திருக்கிறவரிடம் ஒரு முறை கேட்டிருந்தால் முள், தண்டு, காது, நரம்பு, தக்கை எல்லாம் கிடைத்திருக்கும்.

சொல் நல்லதா என்பதற்கு அது குட்டி போடுகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுப்பூச்சி போடுகிறது. மிதக்கும் வகை மிதவைப்பூச்சி, அமிழும் வகை அமிழ்பூச்சி, நிம்ஃபுக்கு இளம்பூச்சி. ஃப்ளை ஃபிஷிங்குக்குப் பூச்சித்தூண்டில். இந்த முறையில் எறியப்படும் பூச்சிக்கு எடையே இல்லை, கனமான நரம்பின் எடைதான் அதைச் சுமந்துபோகிறது. அதற்கான தடித்த நரம்பைப் பூச்சிநரம்பு என்றால் யாருக்கும் குழப்பம் வராது. செயற்கை ஈ நரம்பு என்று சொல்லிப் பாருங்கள், வைத்தியரிடம் போக வேண்டியதுபோல் இருக்கும்.

மீனின் பெயரை மட்டும் தொட வேண்டாம். அகராதிகள் ட்ரவுட்டுக்கு ‘நன்னீர் மீன் வகை’ என்று போட்டுக் கைகழுவிவிட்டன; அப்படிப் பார்த்தால் கெண்டையும் விராலும்கூட நன்னீர் மீன் வகைதான். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்காரனான ஒரு மீன் தன் பெயரோடு இங்கே வந்தது. கேரட்டும் பீட்ரூட்டும் அப்படித்தான் ஊட்டி மண்ணில் இறங்கின, அவற்றுக்கு யாரும் இங்கே பெயர் மாற்றவில்லை. அவலாஞ்சியில் ட்ரவுட் என்றால் எல்லாருக்கும் தெரியும்.