படத்தில் கை இழுபட்டால் அது ஃபோகஸ் கோளாறு இல்லை, ஷேக்!

இந்த வாரமும் ஒருவர் வந்தார். மகள் வாலிபால் ஆடுகிறாள், அவளைப் படமெடுக்கவென்றே மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா பாடியும் 70-200 மி.மீ. லென்ஸும் வாங்கியிருக்கிறார். பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் எடுத்த படங்களை லேப்டாப்பில் காட்டி, "சார், ஃபோகஸே நிக்க மாட்டேங்குது. லென்ஸ் ஃபால்ட்டா இருக்கும்னு கடையில சொல்றாங்க, பாடியையே மாத்திடலாமான்னு பார்க்கிறேன்" என்றார். பெண் சர்வ் போடும் படம். முழங்கால் பேடின் தையல் நூல் வரை தெரிகிறது, பந்தை அடிக்கும் கை மட்டும் புகை மாதிரி இழுபட்டிருக்கிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று பார்த்தால் 1/160 நொடி.

இந்த கேமராவுக்கு என்ன குறை? ஃபோகஸ் உட்கார வேண்டிய இடத்தில் அச்சாக உட்கார்ந்திருக்கிறது. இது ஃபோகஸ் தவறிய அவுட் இல்லை, ஷேக், அதாவது ஷட்டர் திறந்திருக்கும்போது அசைந்ததால் வந்த இழுப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் லென்ஸை சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள், நல்ல பாடியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் எத்தனை பேர்! கடைக்காரர் ஏன் மறுத்துப் பேசப் போகிறார்?

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். கெட்டுப்போன படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மெதுவாகப் பாருங்கள். சட்டையில் உள்ள எண் தெளிவாக இருந்து கையும் காலும் மட்டும் இழுபட்டிருந்தால், ஷட்டர் போதவில்லை. படம் முழுக்க ஒரே திசையில் வழித்துவிட்டது போல இருந்தால் அசைந்தது உங்கள் கை. ஆட்டக்காரர் மங்கலாகவும் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் பளிச்சென்றும் இருந்தால், அது மட்டும்தான் ஃபோகஸ் தவறிய படம். எங்குமே தெளிவில்லை, எந்தத் திசையிலும் இழுப்பும் இல்லை என்றால் அது வேறு கதை, கீழே வருகிறேன்.

ஷட்டர் ஏன் இவ்வளவு கீழே போகிறது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "ஐஎஸ்ஓ ஏத்தினா நாய்ஸ் வருமே சார்." வரட்டுமே! ஷட்டரை வேகமாக்கினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்டக் கூட்டும் அளவுதான் ஐஎஸ்ஓ. அதை 6400 வைத்து எடுத்தால் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும், அதைக் குறைக்க இன்று நல்ல சாஃப்ட்வேர் இருக்கிறது. இழுபட்ட கையைத் திருப்பி ஒட்டவைக்க ஒன்றும் இல்லை. கணக்கு போட்டுப் பாருங்கள். நொடிக்கு 10 மீட்டர் ஓடும் ஒருவர் 1/250 நொடிக்குள் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார், 1/1000 என்றால் 1 சென்டிமீட்டர். அதுவும் உடம்புக்குத்தான் இந்தக் கணக்கு. வீசும் கையும் உதைக்கும் காலும் அதைவிட வேகம். ஆகவே 1/1000-ஐ அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள், வெயில் இருந்தால் 1/2000. ஷட்டரை நீங்கள் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள். கேமராவில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று வாதாடாதீர்கள், அது உங்கள் கை நடுங்குவதைச் சமாளிக்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது.

சரி, உண்மையிலேயே ஃபோகஸ் தவறுகிறவர்களுக்கு வருவோம். ஓடும் ஆளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில், அதாவது ஏஎஃப்-சியில், கேனன் என்றால் சர்வோவில் வையுங்கள். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே சங்கடம். அடுத்தது இந்தக் கண் ஃபோகஸ். கண்ணைக் கண்டுபிடிக்கிற கேமரா வாங்கிவிட்டோம், இனி பட்டனை அழுத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒற்றை ஆள் ஓடினால் போதும்தான். கபடியில் ஒரு ரெய்டர், எதிரே ஏழு பேர். ரெய்டர் முகத்தைத் திருப்பிய நொடியில் கேமரா பக்கத்தில் கிடைத்த முகத்துக்குத் தாவிவிடும். உங்களுக்கு யார் வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? முழு ஃபிரேமையும் அதனிடம் விடாமல் சின்ன ஸோன் ஒன்றை, அதாவது கேமரா ஃபோகஸ் தேட வேண்டிய சின்னப் பகுதியை வைத்து, ரெய்டரின் நெஞ்சில் பிடித்துத் தொடருங்கள். ஆள் அறியும் வசதி ஆனில் இருக்கட்டும், அந்த ஸோனுக்குள் அது உதவும். அப்புறம், எதிரணிக் கட்டத்துக்குள் ரெய்டர் போன பிறகு ஃபோகஸைத் தொடங்காதீர்கள், நடுக்கோட்டைத் தாண்டும்போதே பிடித்துவிடுங்கள். ஆளின் வேகத்தைப் புரிந்துகொள்ள கேமராவுக்கும் ஒரு கணம் வேண்டும்.

200 மி.மீ. லென்ஸ், அதன் துளை எஃப் 2.8, 10 மீட்டர் தூரம் என்றால் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் தெளிவாக விழும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான். உங்களை நோக்கிக் கையை நீட்டுகிறவரின் விரலும் கண்ணும் ஒன்றாகத் தெளிவாக வராது. முகத்தைப் பிடியுங்கள், விரல் போகட்டும்.

நடுவர் குறுக்கே வந்தால் ஃபோகஸ் அவரிடம் ஓடுகிறதா? தாவும் வேகத்தைக் கட்டுப்படுத்த மெனுவில் ஒரு செட்டிங் இருக்கிறது, பிடித்ததை விடாத பக்கம் ஒரு படி தள்ளிவையுங்கள். எண் கூடினால் ஒட்டுமா விடுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், யூடியூபில் யாரோ சொன்ன எண்ணை அப்படியே போடாமல் உங்கள் மேனுவலைப் பாருங்கள். கிரிக்கெட் நெட்டுக்கு வெளியிலிருந்து எடுக்கிறவர்கள் லென்ஸை வலைக்கு ஒட்டிக் கொண்டுபோனாலே பாதிப் பிரச்சினை தீரும். தள்ளி நின்றால் ஃபோகஸ் வலையில்தான் உட்காரும். ஃபோகஸுக்கு உதவ கேமரா முன்பக்கம் எரியுமே ஒரு விளக்கு, அதைத் தயவுசெய்து அணையுங்கள். சர்வ் போடுகிறவரின் கண்ணில் அதை அடித்துவிட்டு "பிரஸ் சார்" என்று சொல்கிறவர்களால் எங்களுக்கெல்லாம் கெட்ட பெயர்.

இனி அந்த எங்குமே தெளிவில்லாத படம். கத்திரி வெயிலில் மதியம் ஒரு மணிக்கு, மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனையில் பேட் செய்கிறவரை 600 மி.மீ. லென்ஸ் வைத்து எடுத்தால், நடுவில் கொதிக்கும் காற்றையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள். எத்தனை லட்சம் போட்டாலும் எந்த கேமராவும் அதைத் தாண்டிப் பார்க்காது. பக்கத்தில் போங்கள், இல்லையென்றால் காலையில் எடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே பையைத் திறப்பதும் அப்படித்தான், நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் கண்ணாடி வேர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வையுங்கள். லென்ஸ் முன்னால் மலிவான யூவி ஃபில்டர் கண்ணாடி போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முன்னே பின்னே ஃபோகஸ் விழுகிறது, அதைச் சரிக்கட்ட காலிபிரேஷன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய ரக கேமரா) காலத்துப் பேச்சு. அதில் ஃபோகஸுக்குத் தனி சென்சார் இருந்தது, கொஞ்சம் விலகினாலும் தப்பும். மிரர்லெஸ்ஸில் படம் விழும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. அதையும் மீறி சந்தேகம் இருந்தால், கேமராவை டிரைபாடில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் சுவரில் ஒட்டிய செய்தித்தாளை 1/1000-இல் எடுங்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். விழவில்லை என்றால் தாராளமாக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். போகும்போது கார்டில் உள்ள ஒரிஜினல் ஃபைலையே கொண்டுபோங்கள். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் படமும் சுருங்கிவிடும், ஷட்டர் விவரமும் போய்விடும். அதைப் பார்த்து எந்த டெக்னீஷியனாலும் ஒன்றும் சொல்ல முடியாது.