ஓசோன்: மூக்கு கண்டுபிடித்த பெயர்

காட்பாடியில் நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய மெஷின் இருக்கிறது. நூறு பக்கம் விடாமல் ஓடினால் சுருக்கென்று ஒரு நெடி மூக்கில் ஏறும். "மெஷின் சூடாயிடுச்சு சார், அந்த வாசனைதான்" என்பார் கடைக்காரர். சூட்டு வாசனை இல்லை அது, ஓசோன். உள்ளே இருக்கும் உயர் மின்னழுத்தக் கம்பி காற்றிலுள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) உடைக்கிறது, அதிலிருந்து பிறப்பது.

பெயர் வந்ததும் இப்படித்தான். 1839இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்ற வேதியியலர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சியபோது இதே நெடியை உணர்ந்தார். 'மணம் வீசு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓசோன் என்று பெயரிட்டார். மூன்று உயிர்வளி அணுக்கள் சேர்ந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வானத்தில் இதே வேலையைச் சூரியன் செய்கிறது. புற ஊதாக் கதிர் ஓர் உயிர்வளி மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிளக்கும். தனித்து நிற்கும் அணு சும்மா இருக்காது, பக்கத்து மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ளும். ஓசோன் ரெடி. அதுவும் வேறொரு புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு உடையும், மறுபடி சேரும். இந்த ஓயாத சுழற்சியை 1930இல் விளக்கியவர் சிட்னி சாப்மன் என்ற ஆங்கிலேய அறிவியலர்.

அதனால்தான் 'ஓசோன் படலம்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. படலம் என்றால் கண்ணில் படர்வதுபோல ஒரு மெல்லிய விரிப்பு நினைவுக்கு வரும். உண்மையில் பெரும்பகுதி 15 முதல் 35 கிலோமீட்டர் உயரம் வரை விரவிக் கிடக்கிறது. மொத்தத்தையும் தரைக்குக் கொண்டுவந்து அழுத்தினால் சுமார் 3 மில்லிமீட்டர், இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரம்தான் தேறும்! 'ஓசோன் அடுக்கு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கீழே கதை வேறு. கத்திரி வெயிலில் வேலூர் நெடுஞ்சாலையில் லாரிகள் விடும் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்க, அங்கும் ஓசோன் உருவாகும். மேலே நம்மைக் காப்பது, இங்கே நுரையீரலைப் புண்ணாக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வாசனை, மணம் இரண்டும் இதமானவை. நாற்றம் இன்று அழுகலைத்தான் குறிக்கிறது. மிளகாய் வறுக்கும்போது எழும் அந்தக் கூர்மைக்கு நம் வீடுகளில் இருக்கும் சொல் நெடி. எனவே என் தேர்வு 'நெடிவளி'. உயிர்வளிக்குப் பக்கத்தில் வைத்தால் உறவும் விளங்கும். பாடநூலில் ஓசோன் இருக்கட்டும், முதன்முறை வரும் இடத்தில் நெடிவளி என்றும் சேர்த்து எழுதலாம்.

கடைக்காரரிடம் சொன்னேன். "அப்போ ஜன்னலைத் திறந்து வெச்சிக்கணுமா சார்?" என்றார். ஆமாம், அதுதான் நல்லது.