63-ஆம் பிட்

சி மொழியில் நிரல் எழுதிப் பழகியவர்கள் ஒருமுறையாவது 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற வரியைப் பார்த்திருப்பார்கள். தொடக்கூடாத நினைவகத்தை நிரல் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்தது யார்? இயங்குதளம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் விதியை எழுதி வைப்பது மட்டுமே இயங்குதளம். ஒவ்வொரு தடவையும் சோதிப்பது பிராசசர். நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை நினைவகத்தைத் தொடும்போது, ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் போய் அனுமதி கேட்டால் கணினி நகரவே நகராது.

அதனால் நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறார்கள். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட். ஒவ்வொன்றுக்கும் பக்க அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. அந்தப் பக்கம் ரேமில் எங்கே இருக்கிறது என்பதோடு, சில அனுமதி பிட்டுகளும் அதில் இருக்கும். இங்கே எழுதலாமா? சாதாரண நிரல் தொடலாமா, கெர்னல் மட்டும்தானா? முகவரியைத் தேடும்போதே பிராசசர் இவற்றையும் பார்த்துவிடும். பொருந்தாவிட்டால் அந்தக் கட்டளையை அங்கேயே நிறுத்திக் கெர்னலைக் கூப்பிடும்.

1985-ல் வந்த இன்டெல் 80386-ன் பக்க அட்டவணையில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடம் இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை: இங்கே இருப்பதைக் கட்டளையாக எடுத்து இயக்கலாமா? படிக்க முடிந்த பக்கத்தை இயக்கவும் முடிந்தது.

இதில் என்ன ஆபத்து என்பதை 1988 நவம்பர் 2-ல் கிளம்பிய மோரிஸ் புழு காட்டியது. புழு என்றால் கணினிக்குக் கணினி தானே பரவும் நிரல். அதன் இந்தத் தாக்குதல் குறிவைத்தது இன்டெல் அல்லாத வாக்ஸ் கணினிகளை. ஆனால் கோளாறு இதே வகைதான். கணினியின் பயனர்களைப் பற்றி விசாரித்தால் பதில் சொல்லும் ஃபிங்கர் சேவை 512 பைட் மட்டுமே ஒதுக்கியிருந்த இடத்துக்குப் புழு 536 பைட் அனுப்பியது. வழிந்த பைட்டுகள், வேலை முடிந்து திரும்ப வேண்டிய முகவரியை மாற்றிவிட்டன. புது முகவரி, புழு அனுப்பிய தரவுக்குள்ளேயே இருந்தது. அங்கே கிடந்த பைட்டுகளைக் கட்டளை என்றே எடுத்துக்கொண்டு பிராசசர் இயக்கியது.

2003-ல் ஏஎம்டியின் 64 பிட் பிராசசரான ஆப்டெரான் வந்தபோது, பக்க அட்டவணைப் பதிவின் கடைசி பிட் இதற்கென்று ஒதுக்கப்பட்டது. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 63-ஆம் பிட். அதில் 1 இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து எதையும் இயக்க முடியாது. அதே ஆண்டு ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் ஒரு கறாரான விதியைக் கொண்டுவந்தது: ஒரு பக்கத்தில் எழுதலாம், அல்லது அதை இயக்கலாம், இரண்டும் சேர்ந்து கூடாது. என்னைக் கேட்டால், நினைவகப் பாதுகாப்பில் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு தெளிவாக வேறு யோசனை இல்லை. மறு ஆண்டே விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கும் இந்த பிட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது.

சரி, ஓடும்போதே புதுக் கட்டளைகளை உருவாக்கும் பிரவுசர் என்ன செய்யும்? முதலில் எழுதும் அனுமதியோடு பக்கத்தை நிரப்பும். அப்புறம் லினக்ஸில் 'எம்ப்ரொடெக்ட்' என்ற அழைப்பின் மூலம், எழுதுவதை விட்டுக்கொடுத்து இயக்கும் அனுமதியைக் கேட்டு வாங்கும்.

இங்கே கெர்னலுக்கு ஒரு சிக்கல் உண்டு. வேகத்துக்காக, பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு கோரும் அண்மையில் பார்த்த பதிவுகளைத் தன்னிடமே நகல் எடுத்து வைத்திருக்கும். அட்டவணையில் அனுமதியைப் பறித்தாலும் பழைய நகல் வேறொரு கோரில் தங்கியிருக்கலாம். ஆகவே அந்த நிரல் ஓடும் மற்ற கோர்களையும் இடைமறித்து, நகலை அழிக்கச் சொல்லி, அழித்து முடிக்கும் வரை கெர்னல் காத்திருக்கிறது. அதன் பிறகுதான் அழைத்த நிரலுக்குப் பதில் போகும்.