ஆல் வெதர் டயருக்கு ‘அனைத்துப் பருவ டயர்’ பெயரன்று

வண்டி வாங்குவோருக்கான தமிழ்க் குறிப்புகளில் ‘அனைத்துப் பருவகால உருளிப்பட்டை’ என்னும் தொடர் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. ஆல் சீசன் டயருக்கும் அதுதான் பெயர், ஆல் வெதர் டயருக்கும் அதுதான் பெயர். இவையோ இரு வேறு சரக்குகள். ஒன்றை மற்றொன்றாக எண்ணி மாட்டிக்கொண்டு குளிர்காலத்தில் ஓட்டினால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அபராதம் கட்ட நேரும். மான்ட்ரியலில் குடியிருக்கும் என் அக்காள் மகன், ஏழு பேர் அமரும் பெரிய எஸ்யூவிக்கு டயர் தேடியபோது அத்தகைய குறிப்பு ஒன்றைக் கோத்தகிரியில் இருக்கும் எனக்கு அனுப்பி, “மாமா, ரெண்டுக்கும் ஒரே பேரு போட்டிருக்காங்களே, அப்புறம் விலை மட்டும் ஏன் வேற வேறயா இருக்கு?” என்று கேட்டான். குறிப்பை எழுதியவருக்கு இந்த ஐயம் ஏன் எழவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயர் என்பது உடை, அணி என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையை உடுத்தியதால் வந்த பெயர். நம் மாட்டுவண்டிக்காரர்கள் அதனைப் பட்டா என்றார்கள். காற்றடைத்த ரப்பர் டயருக்கு ஜான் பாய்டு டன்லப் 1888இல் காப்புரிமை பெற்ற பிறகும் ஆங்கிலத்தில் பழைய பெயரே நிலைத்தது. சீசன் என்பதன் லத்தீன் மூலத்துக்கு விதைப்பு என்று பொருள். இவ்வளவு போதும்.

இனிப் பொருளுக்கு வருவோம். ஆல் சீசன் டயர் வெயிலுக்கும் மழைக்கும் மிதமான குளிருக்கும் ஆகும். அதன் பக்கவாட்டில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று பொறித்திருப்பார்கள். மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேற்றுக்கும் வெண்பனிக்கும் என்பது அதன் விரிவு. ஆனால் அம்முத்திரை, டயரின் முகப்பில் உள்ள பட்டன்கள் எனப்படும் ரப்பர்க் கட்டிகளும் பள்ளங்களும் அமைந்த விதத்தைப் பொறுத்தே தரப்படுகிறது. அதற்காக வெண்பனியில் டயரை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அந்த ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். ஆல் வெதர் டயரின் ரப்பரோ குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் பட்டன்களில் மெல்லிய கீறல்கள் நெருக்கமாக ஓடும். வெண்பனியில் ஓட்டிச் சோதித்த பிறகே, மூன்று கொடுமுடிகள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரை அதற்குக் கிடைக்கும். 1999இல் வந்த அம்முத்திரையைக் குளிர்கால டயரிலும் காணலாம். கோடையில் கழற்ற வேண்டிய தேவை இல்லை என்பதே ஆல் வெதரின் தனித்தன்மை.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலை முத்திரை உள்ள டயரோ ஆணி பதித்த டயரோ இருந்தாக வேண்டும். எம் பிளஸ் எஸ் முத்திரை மட்டும் இருந்தால் செல்லாது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ, குளிர்கால டயர் கட்டாயமான சாலைகளிலும் எம் பிளஸ் எஸ் செல்லும். ஜெர்மனி 2024 அக்டோபரிலிருந்து அதனை ஏற்பதில்லை. சட்டமே வேறுபடுத்திப் பார்க்கும் இரண்டைத் தமிழில் ஒரே பெயரில் அடைப்பதைச் சொல்லாக்கம் என்று எப்படி ஏற்பது?

இருக்கட்டும், ஆல் சீசனுக்கு மட்டுமாவது ‘அனைத்துப் பருவ’ பொருந்துமா என்றால், அதுவும் பொருந்தாது. பருவம் என்றவுடன் நம் காதில் விழுவது மழை. கூடலூரையும் பந்தலூரையும் நனைப்பது தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்குப் பெரிதும் மழை தருவது வடகிழக்குப் பருவமழை. இங்கே ஒருவரிடம் ‘அனைத்துப் பருவ டயர்’ என்றால், இரண்டு மழைக்கும் தாங்கும் டயர் என்றே புரிந்துகொள்வார். அதில் அவர் பிழை ஏதுமில்லை. சீசன் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டாலும் தப்ப முடியாது. ஊட்டியில் சீசன் என்றால் ஏப்ரல், மே மாதக் கூட்டம். செப்டம்பர், அக்டோபரில் வருவது இரண்டாம் சீசன். ‘ஆல் சீசன் டயர்’ என்று கேட்டால் டாக்சி ஓட்டுநர் மலர்க்காட்சியை நினைப்பாரே தவிர வெண்பனியை நினைக்க மாட்டார்.

‘அனைத்து வானிலை டயர்’ என்பது சற்று மேல், ஏனெனில் அதனை ஆக்கியவர் இரு ஆங்கிலச் சொற்கள் இருப்பதையாவது கவனித்திருக்கிறார். ஆயினும் அது அகராதியைத் திறந்து ஆலுக்கு அனைத்து, வெதருக்கு வானிலை என்று ஒட்டியதுதான். மழைக்கும் வெயிலுக்கும் என்பது போலத் தமிழ் இயல்பாகச் சொல்லும் முறைகள் பல இருக்க, எதற்கெடுத்தாலும் ‘அனைத்து’ என்று தொடங்கும் பழக்கத்தை மொழிபெயர்ப்பாளர்கள் எங்கிருந்து பெற்றார்களோ தெரியவில்லை. மேலும், வானத்தின் நிலை இங்கே பொருட்டன்று. வானம் தெளிந்து வெயில் அடிக்கும் நாளிலும் தரை பூச்சியத்துக்குக் கீழே 15 டிகிரியில் கிடக்கலாம். டயர் அறிவது தரையைத்தான்.

‘பனி டயர்’ என்று சுருக்குவோரும் உண்டு. உதகையில் பனி என்றால் என்ன? பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து எதிரே வரும் வண்டியை மறைக்கும் மூட்டமும் பனி; ஜனவரி விடியலில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்லை வெளுக்கச் செய்து, வெயில் ஏறியதும் நீராகிவிடும் உறைபனியும் பனி. அதற்கு எந்தச் சிறப்பு டயரும் வேண்டாம். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வேண்டியது தேயாத பட்டனும் நல்ல பிரேக்கும் கீழ் கியரும்தான். மான்ட்ரியலில் ஓர் ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அளவுக்குக் கொட்டுவது வெண்பனி. இச்சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதனை ஆள்வதற்கு என்ன தயக்கமோ? ‘பனிச்சறுக்கு டயர்’ என்று எழுதியவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சறுக்குவதற்கென்று யாரும் டயர் வாங்குவதில்லை.

உருளிப்பட்டையைப் பொறுத்தவரை எனக்குப் பகையில்லை. உருளி, சங்கப் பாட்டில் வண்டிச் சக்கரத்தைக் குறித்த நல்ல சொல். ஆனால் பஞ்சர் கடையில் நின்று உருளிப்பட்டைக்குக் காற்றுப் பிடிக்கச் சொல்லும் தமிழர் ஒருவரை நான் இன்னும் கண்டதில்லை. டயர் தமிழாகிவிட்டது. அதனை விரட்டுவதில் செலவிடும் உழைப்பை அதற்கு முன்னால் வரும் அடைமொழியில் செலுத்தியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திராது.

என் பரிந்துரை இது: ஆல் சீசனுக்குப் பொது டயர், ஆல் வெதருக்கு வெண்பனிப் பொது டயர், வின்டருக்குக் குளிர்கால டயர். ‘பொது’ என்பது எதையும் குறிப்பாகச் சொல்லவில்லையே என்பார்கள். எதையும் உறுதியளிக்கவில்லை என்பதற்காகவே அது எனக்குப் பிடித்திருக்கிறது. வெண்பனிப் பொது டயரும் எல்லாம் வல்லதன்று. வட அமெரிக்காவில் மலை முத்திரைக்கான சோதனை, இறுகிய வெண்பனியில் வண்டி எவ்வளவு பிடிப்போடு வேகமெடுக்கிறது என்பதையே அளக்கிறது. பளிங்குபோல் உறைந்த சாலையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அளப்பதில்லை. பெரிய எஸ்யூவி வாங்குவோர், நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறதே என்ற துணிவில் இதனை மறந்துவிடுகிறார்கள். அவ்விசை புறப்படுவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் வெண்பனியில் அந்த டயரை நம்பக் கூடாது. கடுங்குளிர் ஊர்களில் இருப்போருக்குக் குளிர்கால டயரே தக்கது.

எஸ்யூவிக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். குடும்பமும் பெட்டிகளும் ஏறிய வண்டியின் எடையை டயர் தாங்குமா என்பதைக் காட்டும் எண்ணை ‘சுமைச் சுட்டெண்’ என்று எழுதுகிறார்கள். பளு எண் என்றால் போதும். 112 என்று பொறித்திருந்தால் அந்த ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும்; 100 என்றால் 800 கிலோ. எனக்கு வந்த குறிப்பில் ‘இந்த உருளிப்பட்டை 112 கிலோ எடை தாங்கும்’ என்று அச்சாகியிருந்தது. அப்படிப் பார்த்தால் நான்கும் சேர்ந்து 448 கிலோ. வண்டியில் ஆள் ஏறுவது இருக்கட்டும், வண்டியையே அவற்றின் மேல் நிறுத்த முடியாது.