கிராவல் குவாரி: முதல் லோடுக்கு முன்பே எழுதவேண்டிய கடைசிப் பக்கம்

ஊருக்குப் பக்கத்தில் கிராவல் குவாரி வரப்போகிறது என்று தெரிந்தால் எல்லோரும் லாரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை லோடு, எந்தப் பாதை, தூசி எவ்வளவு? மண் எடுத்து முடித்த பிறகு குழி என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் அதற்கான பதிலை எழுதிக் கொடுத்த பிறகுதான் குத்தகைப் பத்திரமே கைக்கு வரும்.

கிராவல் சட்டப்படி சிறு கனிமம். 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் இதற்கு விதி வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. நமக்குப் பொருந்துவது 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள். சொந்தப் பட்டா நிலம்தானே, வெட்டினால் யார் கேட்பது என்ற வாதம் இங்கே செல்லாது. வெட்டி விற்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி, எடுக்கும் மண்ணுக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் கட்டணம், லாரிக்கு நடைச்சீட்டு எல்லாம் வேண்டும். (வயலுக்குப் போட ஏரி வண்டல் எடுப்பது வேறு கதை. அதற்குக் கட்டணம் இல்லை. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார்.)

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும், எந்தப் பரப்பில் வெட்டலாம் என்று குறித்து ஒரு கடிதம் வரும். அதை வைத்து, தகுதி பெற்ற ஒருவர் சுரங்கத் திட்டம் தயாரிக்க வேண்டும். மாவட்டக் கனிமவளத் துறை அதற்கு ஒப்புதல் தந்தபின் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்திடம் போகும். 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. 500 மீட்டருக்குள் அடுத்தடுத்துக் குவாரிகள் இருந்து மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்தவேண்டும். அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு.

மண்ணைச் சோதித்துப் பார்ப்பதும் உண்டு. சவுடு, கிராவல் என்று பெயர் போட்டு ஆற்றுமணலை அள்ளிய வழக்குகளில், ஆய்வக அறிக்கை இல்லாமல் குத்தகை தரக்கூடாது என்று 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

சரி, சுரங்கத் திட்டத்துக்குள் என்ன இருக்க வேண்டும்? ஒரு ஹெக்டேரை, அதாவது நூறுக்கு நூறு மீட்டர் சதுரத்தை, எடுத்துக்கொள்வோம். எல்லையிலிருந்து உள்ளே 7.5 மீட்டருக்குக் கை வைக்கக்கூடாது. மிஞ்சுவது 85-க்கு 85, அதாவது 7,225 சதுர மீட்டர். நிலத்தில் கால்பங்குக்கு மேல் அப்போதே போய்விட்டது. கிராவல் மாதிரி இளகிய மண்ணில் ஓரத்தை 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக வெட்டக்கூடாது; இல்லையென்றால் 1.5 மீட்டருக்கு மிகாத படிகளாக வெட்டவேண்டும். இது 1961-ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறை. 2 மீட்டர் ஆழம் என்றால், சரிவு போக 13,800 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். திட்டத்தில் 20,000 என்று எழுதியிருந்தால், ஒன்று ஓரம் சரிவாக வெட்டப்படப் போவதில்லை, அல்லது எல்லை மதிக்கப்படப் போவதில்லை.

அந்த 13,800-க்குள்தான் மேல்மண்ணும் இருக்கிறது. 30 சென்டிமீட்டர் மேல்மண் என்றாலே 2,100 கன மீட்டரைத் தாண்டும். குழியை மறுபடி நிலமாக்க நம்மிடம் மிஞ்சப்போவது இது மட்டும்தான். கல்குவாரியில் கழிவுக்கல்லாவது மிஞ்சும். கிராவலில் வெட்டியது எல்லாமே லாரியில் போய்விடும், திரும்ப நிரப்ப எதுவும் இருக்காது. எனவே இதை முதலிலேயே வழித்துத் தனியாகக் குவித்து வைக்கவேண்டும். எங்கே? அந்த 7.5 மீட்டர் ஓரத்தில்தான் இடம். மரம் நடுவதாகக் காட்டுவதும் அதே ஓரத்தில்தான். இரண்டையும் ஒரே இடத்தில் வரைந்திருக்கிறார்களா என்று வரைபடத்தில் பாருங்கள். மேல்மண்ணே இல்லை என்று எழுதியிருந்தால், நிலத்தில் போன வருஷம் கடலை போட்டவரைக் கேளுங்கள்.

கடைசிப் பக்கத்தில் வருவது மூடல் திட்டம். மழைநீர்க் குட்டையாக விடுவது சுலபம். பெரும்பாலும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் மாடு இறங்கி ஏறுகிற சரிவும் சுற்றிலும் வேலியும் வேண்டும். வெட்டி முடித்த நிலத்தில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் வளரத் தகுந்ததாக மீட்டுத் தரவேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குட்டை மட்டும் போதும் என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

இந்தத் தாள்கள் ரகசியம் அல்ல. சுற்றுச்சூழல் அனுமதி உத்தரவை ஊராட்சி அலுவலகத்தில் 30 நாள் பார்வைக்கு வைக்கவேண்டும். அதை எதிர்த்து பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகவும் 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை நீட்டிக்கலாம். நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார்கள் என்ற அறிக்கையை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் குத்தகைதாரர் தரவேண்டும். விண்ணப்பித்தால் யாருக்கும் நகல் உண்டு. குத்தகை முடியும் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய அறிக்கையைக் கையில் எடுத்துப் போய், மேல்மண் குவியல் சொன்ன இடத்தில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். லாரிகள் போய்விட்ட பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.